பதினோராம் பெட்டுக்குக் குணமாகிவிட்டது

ஒரு நோயாளி குணமானால் யாராவது அழுவார்களா? மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன் — போன வாரம் காலையில், சர்ஜரி வார்டு வாசலில் காயத்ரியைப் பார்க்கும்வரை.

காயத்ரி பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். நான் அதே கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். மேல்படிப்புக்காரர்களுக்கு எங்கள் கல்லூரி ஒரு சலுகை தருகிறது. இளநிலை மாணவிகளின் பிராக்டிகல் தேர்வு நாளில் நாங்கள் சம்பளமில்லாமல் ஓடியாடி வேலை பார்க்கலாம். 'தலைமைப் பண்பு' என்று அதற்குக் கொஞ்சம் மார்க்கும் உண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் தேர்வில் நோயாளிதான் கேள்வித்தாள். முந்தின நாள் மாலையே ஆளுக்கு ஒருவரை ஒதுக்கிவிடுவார்கள். அவருக்கு என்ன பிரச்சினை, நாளை என்ன செய்வோம், ஏன் செய்வோம், செய்தால் என்ன பலன் — எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுத வேண்டும். அதற்குப் பெயர் கேர் பிளான். மறுநாள் வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் அதை வைத்துத்தான் குடைவார்.

காயத்ரிக்குக் கிடைத்தவர் பதினோராம் பெட். வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, பெட் நம்பர்தான். வெளியே அவர் பெயர் செல்லப்பாண்டி, உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். பித்தப்பையை எடுத்திருந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார், ஊசிக்குக் கையை நீட்டுவார், கோபப்பட மாட்டார்... இதைவிட நல்ல கேள்வித்தாள் யாருக்குக் கிடைக்கும்? காயத்ரி முத்து முத்தாக எழுதி முடித்தாள். கடைசிக் கட்டத்தில், 'எதிர்பார்க்கும் பலன்: நோயாளி நலமடைந்து வீடு திரும்புவார்.'

அப்படியே ஆயிற்று. காலையில் போனதுமே வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டார் — இன்றைக்கு அவருக்கு டிஸ்சார்ஜ்.

புது நோயாளி என்றால் புது கேர் பிளான். எக்ஸாமினர் வருவதற்குள் எழுத வேண்டும். இந்தத் தேர்வு போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கோவையில் கிடைத்திருக்கும் வேலை அதுவரை காத்திருக்காது. தான் எழுதியது பலித்துவிட்டதே என்று அழுத ஒரே ஆள் இவளாகத்தான் இருப்பாள்.

செல்லப்பாண்டியின் மனைவி என்ன ஏது என்று விசாரிக்க, காயத்ரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"இம்புட்டுத்தானா தாயி?" என்றார் செல்லப்பாண்டி. "நான் இங்கனயே கெடக்கேன். நீ பரீட்சையப் பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "என்னண்ணே, வீட்டுக்குப் போலாமா?" என்றதும் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இங்கன வலி, அங்கன வலி, முதுகு வரைக்கும் இழுக்குது... விஷயம் தெரிந்த மனைவியே ஒரு நிமிடம் பயந்துபோனார்.

நல்ல டாக்டர் என்ன செய்வார்? டிஸ்சார்ஜை நிறுத்தினார். ஸ்கேன் எழுதினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். அதுவரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். இட்லி இருந்த தூக்குவாளியைச் சிஸ்டர் எடுத்து எட்டாத ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

நிலவரத்தைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன் — எனக்கு அது பழக்கதோஷம். ஒன்று, நோயாளி கிடைத்துவிட்டார். இரண்டு, அவருக்கு வலியே இல்லை. மூன்று, கேஸ் ஷீட்டில் கடும் வலி. கேர் பிளானில் வலியைக் காணோம். ஆக, யாருக்காகப் பொய் சொன்னாரோ, அவள் எழுதியது முழுக்கத் தப்பு என்று ஆகிவிட்டது.

இதைச் செல்லப்பாண்டியிடம் விளக்கினேன். "அப்ப எம்புட்டு வலின்னு நீயே சொல்லு தாயி, அதையே சொல்லிப்புடுறேன்" என்றார்.

காயத்ரி பேசாமல் இருந்திருக்கலாம். கேர் பிளானில் வலி என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். எக்ஸாமினருக்கு எப்படித் தெரியப்போகிறது?

காயத்ரி கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தாள். அதற்குள் ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வீல்சேர் வந்து நின்றது. விறுவிறுவென்று டாக்டரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். திட்டு வாங்குவதும் தலைமைப் பண்புதானே?

"டாக்டர், அவருக்கு வலி இல்ல. எனக்காகச் சொல்றாரு."

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை, நம்பவும் இல்லை. திரும்ப வந்து செல்லப்பாண்டியின் வயிற்றை அங்கங்கே அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். அவரோ காயத்ரி முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன்ப்பா" என்றாள் அவள்.

"சொல்லிட்டியா... அப்ப வலிக்கல."

ஸ்கேன் ரத்து. இட்லி இறங்கி வந்தது. டிஸ்சார்ஜ் ஷீட்டில் டாக்டர் கையெழுத்தும் போட்டாயிற்று. காயத்ரி வெள்ளைத்தாளோடு அடுத்த நோயாளிக்காக வந்து நின்றாள்.

வார்டு சிஸ்டர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. எக்ஸாமினர் எப்போது வருவார் என்று கேட்டார். பத்து மணிக்கு என்றேன்.

"அப்புறம் எதுக்குப் புது ஆளு? இவருக்கு இன்சூரன்ஸ். கம்பெனி அப்ரூவல் வராம வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது என்னைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி வந்துருக்கு?"

அதானே! என் பட்டியலில் இது எப்படி விட்டுப்போனது?

பத்து மணிக்கு எக்ஸாமினர் வந்தபோது பதினோராம் பெட் பெட்டிலேயே இருந்தார் — பை கட்டி, வேட்டி மாற்றி, தலைசீவி. தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது, எண்ணெய்ப் பலகாரத்தை ஏன் தள்ளிவைப்பது, எதற்கெல்லாம் உடனே ஓடி வர வேண்டும் என்று காயத்ரி நிதானமாக விளக்கினாள். எல்லாம் அவள் எழுதியிருந்தபடி. நடுவில் எக்ஸாமினர், நோயாளிக்கு இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.

"சத்தியமா இல்ல மேடம். டாக்டருகிட்டயும் சொல்லியாச்சு" என்றார் செல்லப்பாண்டி.

எக்ஸாமினர் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் கோவை வேலைக்கு ஆபத்து இல்லை.

நம் ஊரில் உடம்பு குணமாவது ஒரு நிகழ்ச்சி. வீட்டுக்குப் போவது வேறு நிகழ்ச்சி. நடுவில் ஒரு தேர்வே நடத்தி முடித்துவிடலாம். வைவா எல்லாம் முடிந்து, நான் விளாங்குடி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. செல்லப்பாண்டி கட்டின பையைத் தலைக்கு வைத்து மறுபடி படுத்திருந்தார்.

"இன்னும் யாருக்காச்சும் பரீட்சை இருக்கா தாயி?"