அப்பா பதிந்த கடைசிப் பகுதி

நெளுக்குளத்து வீட்டில் கொம்பியூட்டர் அப்பாவின் தனிச் சொத்து. நாங்கள் தூசு தட்டலாம், மவுஸைத் தொடக்கூடாது. கொழும்பில் ஒரு ரிவி கார்ட் வாங்கி வந்து உள்ளே பூட்டிய பிறகு அவருடைய நடையே மாறிவிட்டது. செய்தி, பட்டிமன்றம், சவர்க்கார விளம்பரம் என்று கண்டதையெல்லாம் பதிந்து தள்ளினார்.

பூநகரியில் வாழ்க்கைப்பட்ட அக்காவிடமிருந்து ஒரு நாள் சேதி வந்தது. கலியாணத்துக்கு முன் அம்மாவோடு இருந்து பார்த்த மாமியார் மருமகள் நாடகம் முடியப்போகிறதாம். அங்கே கரண்ட் இல்லை. கடைசிப் பகுதியை அப்பா சீடியில் அடித்து அனுப்பினால், ஜெனரேற்றர் பிடித்து வீட்டார் எல்லோரும் இருந்து பார்ப்பார்களாம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாடகம் தொடங்கியதும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"தாராளமாக் கதையுங்கோ. சத்தம் வயரால போகுது. உங்கட கதை ஏறாது," என்றார்.

அம்மாவுக்கு அது போதும். நாடகத்து மாமியாரைக் கண்டதும் தொடங்கிவிட்டார். "முழியைப் பார்! எங்கட சம்பந்தியம்மாதான். பிள்ளையை ஒரு கிழமைக்கெண்டாலும் இஞ்ச விடுறாவே, சண்டைக்காரி!" விளம்பரம் போனபோது குரல் இறங்கியது. "பிள்ளை போன பிறகு இந்த வீட்டில தேத்தண்ணியும் வாய்க்கு வைக்கேலாமல் கிடக்கு."

சீடி பக்கத்து வீட்டுக்காரரோடு பஸ் ஏறிப் போனது. அதன் பிறகுதான் அப்பா தன் கைவண்ணத்தை ரசிக்க உட்கார்ந்தார். படம் பளிச்சென்று இருந்தது. நாடகத்தின் சத்தம் கிணற்றடியில் யாரோ பேசுவதுபோலக் கேட்க, அதற்கு மேலால் அம்மா முழங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் தேவாரத்தைப் பதிய மைக் பூட்டிய மனிதர், அதைக் கழற்றி ரிவி வயரைப் பூட்ட மறந்துபோனார்.

"வயரால போகுதெண்டியள்!" என்றார் அம்மா. பிறகு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "அங்க என்ரை பிள்ளையெல்லோ பேச்சு வாங்கப்போறாள்."

அவர் பயந்தது அதற்குத்தான். சம்பந்தி முகத்தைத் திருப்பினால் அக்கா இனி இந்தப் பக்கம் வரவே மாட்டாள். அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போவார். அப்பாவோ தேவாரம் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

சில கிழமைகள் கழித்து வாசலில் ஓட்டோ நின்றது. அக்கா இறங்கினாள். பின்னால் கருவாட்டுப் பையோடு சம்பந்தியம்மா. அம்மா குசினிக்குள் பாய்ந்துவிட்டார். அப்பா கொம்பியூட்டரின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

சம்பந்தியம்மா கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏன் ஒளிக்கிறியள்? சண்டைக்காரி வந்திருக்கிறன், வாங்கோ."

அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி குசினி வாசற்படியில் வந்து நின்றார்.

"தேத்தண்ணிக் கதையும் கேட்டனான். அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனான். எனக்கும் கட்டிக்குடுத்த பிள்ளை இருக்குது. இவள் பொங்கல் முடியும் மட்டும் இஞ்சயே நிக்கட்டும்."

அக்கா அதற்குள் குசினியில் கேத்திலை வைத்துவிட்டாள். தேநீர் வந்ததும் அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி, கடைசியில நாடகம் என்னெண்டு முடிஞ்சது? உங்கட சத்தத்தில ஒரு கோதாரியும் கேக்கேல்லை."

அம்மா கோப்பையைத் தூக்கி, சூடு ஆறமுன்னரே முழுவதையும் குடித்தார்.