தள்ளி நின்று சுவிட்ச் போட்டவர்

எங்கள் அச்சகத்தின் பட்டாசு லேபிள் டிசைன்கள் அத்தனையும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. தீபாவளி ஆர்டர் குவிந்த நேரம் பார்த்து அது மண்டையைப் போட்டது. சுவிட்சைப் போட்டால் 'பீப் பீப்' என்று கத்தும். திரை இருட்டாகவே இருக்கும். முதலாளி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

அய்யனார் மீசையோடு ஓர் ஆள் வந்தார். உள்ளே இருந்த ரேம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினார். பிறகு ஒரு காலை வாசல் பக்கம் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிச் சுவிட்சைத் தொட்டார். அதைப் பார்த்த முதலாளியும் பின்னால் நகர்ந்தார். சிவகாசிக்காரர் அல்லவா!

"அண்ணாச்சி, அது கம்ப்யூட்டருங்க. எதுக்கு இம்புட்டு பயப்படுறீக?" என்றேன்.

"வெடி டெஸ்ட் பண்ற வேலை பாத்தவன் நான். பத்த வச்சும் வெடிக்காம கெடக்குறதுகிட்ட மூஞ்சியக் கொண்டு போவனா?"

திரை பளிச்சென்று எரிந்தது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். மெக்கானிக் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன அண்ணாச்சி, அதான் வந்துருச்சே?"

"வந்துருச்சு. ஆனா டமார்னு ஒரு சத்தத்தையும் காணோமே."

ஜெயித்துவிட்டு அப்படி ஏமாந்துபோன முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.