திராவகத் தொட்டியில் சிவந்த விளக்குகள்

உங்கள் வீட்டுக் குத்துவிளக்கு மஞ்சளாக மின்னுகிறதே, அந்த மினுமினுப்பைக் கொடுத்த கை யாருடையது என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் வெங்கிடாசலத்தின் பித்தளைப் பட்டறையில், கல்யாணமான மறு வருஷத்திலிருந்து திராவகத் தொட்டியடியில் நின்றவள் மருதாத்தாள். விளக்கின் தண்டையும் தட்டையும் பட்டறை ஆள் அப்பு வெண்காரம் தடவி நெருப்பில் காய்ச்சிப் பற்றவைப்பான். சூட்டில் பித்தளை கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதைக் குறட்டால் பிடித்துக் கந்தகத் திராவகத்தில் முக்கி, தண்ணீரில் அலசி, மஞ்சள் திரும்பும்வரை தேய்ப்பது அவள் வேலை. நகங்கள் அரித்துப் போயிருந்தன. ஆவி ஏறி ஏறி இருமல் நெஞ்சிலேயே குடியிருந்தது.

கோயில் விளக்கு செய்யும் இடமாம். மாதவிலக்கான பெண்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்த நாட்களுக்குக் கூலியும் கிடையாது. புருஷன் படுத்த படுக்கை. ஓர் ஆடி மாதம் மருதாத்தாள் விலக்கானதை யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்குத் தொட்டியிலிருந்து எடுத்த விளக்குகளெல்லாம் ரத்தம் பூசியதுபோல் சிவந்திருந்தன.

வெங்கிடாசலம் எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஏம்புள்ள, நீ ஊட்டுக்குத் தூரமா?”

பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. “ஆமாங்க. அம்மனுக்கே பொறுக்கலீங்க.”

அப்போதே வெளியே அனுப்பினார். சேதி பரவி மற்றப் பட்டறைகளும் அவளைச் சேர்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். செம்புக் குறடு இற்றுப்போக, அன்று காலையில் முதலாளி இரும்புக் குறடு ஒன்றைக் கொடுத்திருந்தார். பழைய திராவகத்தில் பித்தளையிலிருந்து கரைந்த செம்பு கிடக்கும். இரும்பு உள்ளே போனால் அந்தச் செம்பு விளக்கின்மேல் வந்து படியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிற சங்கதி. மணல் போட்டுத் தேய்த்தால் போய்விடுகிற பூச்சுக்கு ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்தார்கள்.

அவள் இடத்துக்குப் பூவாத்தாள் வந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள், விலக்கு நின்று வெகுகாலம் ஆனவள். அவள் முக்கியதும் சிவந்துதான் வந்தது. முதலாளி பூசாரியை அழைத்துத் தொட்டியைச் சுற்றி மஞ்சள் நீர் தெளித்தார்.

“தீட்டு இன்னும் உள்ளாறதான் குத்தவெச்சிருக்குதாட்டங்க” என்றான் அப்பு. எல்லாரும் சிரித்தார்கள். குறட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

மருதாத்தாள் இப்போது ரத்தமாக இருமுகிறாள். அம்மன் கொடுத்த தண்டனை என்று நம்புகிறாள், வைத்தியமே வேண்டாம் என்கிறாள். அந்தப் பக்கம் போகிறவர்களே, அவளைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போங்கள்.