பூவை முகர்ந்தவர்

கல்லூரி பியூன் ஆசிரியர் அறை வாசலில் நின்று, "பாட்டனி சார் காலையில போயிட்டாருங்க" என்றார். வரதராஜனைத்தான் சொன்னார். அடுத்த நிமிஷமே இரங்கல் கூட்டத்துக்கு யார் தலைமை வகிப்பது என்று பேச்சு எழுந்துவிட்டது. நம்மவர்களுக்கு இதிலெல்லாம் தாமதமே கிடையாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சியில் தாவரவியல் கற்பித்தார், ஸ்ரீரங்கத்தில் வசித்தார். கொள்ளிடக் கரையில் அவருடைய தகப்பனார் பெருமாளுக்காக வைத்த நந்தவனம் இருந்தது. அதன் முல்லைப் பந்தலை ஒருமுறை பார்க்காமல் அவர் காலையில் ரயிலேறியதில்லை.

நிர்வாகம் மட்டும் ஒரு கமிட்டியின் கையில். அதன் தலைவரான ஓய்வுபெற்ற முன்சீப், பெங்களூரிலிருந்து ஒரு கொடியைக் கொண்டுவந்து நட்டார். ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. 'தேவலோக மல்லி' என்று அவரே பெயரும் சூட்டினார். சட்டம் படித்தவருக்குத் தெரியாத தாவரம் உண்டா! பெருமாளுக்கு உரிய பூவை மனிதர் முகரக் கூடாது என்பது நந்தவனத்து ஆசாரம். ஆகவே அதன் வாசனையை ஊரே முகராமல் புகழ்ந்தது.

வரதராஜன் ஒரு பூவைப் பறித்து முகர்ந்தார்.

"அபசாரம்! பெருமாள் புஷ்பத்தை மோந்து பார்க்கறீரே?" என்று முன்சீப் அலறினார்.

"இதுல வாசனையே இல்லை சுவாமி. பூங்கொத்து நுனி சுருண்டு பந்தலைப் பத்திக்கறது பாருங்கோ. மல்லி அப்படிப் பத்துமோ? இது அமெரிக்கக் கொடி. கீழே கிழங்கு வைக்கும், அப்புறம் வெட்டினாலும் போகாது. இப்பவே தோண்டி எடுத்துடுங்கோ, முல்லையை அமுக்கிடும்."

"வண்டு மொய்க்கறதே ஓய், வாசனை இல்லாமலா?"

கமிட்டி சிரித்தது. பிறகு கூடி, வரதராஜன் இனி உள்ளே வரக் கூடாது என்று தீர்மானம் போட்டது. தகப்பனார் வைத்த தோட்டத்தின் கதவு மகனுக்குச் சாத்தப்பட்டது.

சில மழைக்காலங்களில் முல்லைப் பந்தல் அந்தக் கொடியின் அடியில் பட்டுப்போயிற்று. அவர் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். "முன்சீப்பை நீங்க ஒரு வார்த்தை கேட்கப்படாதா?" என்று நான் சொன்னால், "கேட்டா முல்லை வந்துடுமா?" என்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இரங்கல் கூட்டத்துக்கு, ஊர்ப் பெரிய மனிதர் என்று, முன்சீப்பே தலைமை. 'நந்தவனத்தின் உற்ற நண்பர்' என்று சொல்லிக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். படத்துக்கு மாலை போட்டார். நந்தவனத்தில் வேறு பூ ஏது? அதே ரோஜா நிறக் கொத்துகள்தான்.

மனிதருக்குப் போட்ட மாலைக்கு ஆசாரத் தடை இல்லை. எழுந்து போய், எல்லோரும் பார்க்க முகர்ந்தேன்.

"வாசனை இல்லை" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

மாலையைக் கழற்றி முன்சீப்பின் மடியில் வைத்துவிட்டு வந்தேன். படம் வெறுமையாக நின்றது. மன்னியுங்கள் வரதராஜன், உங்கள் தகப்பனார் தோட்டத்திலிருந்து உங்களுக்கு ஒரு முழம் முல்லை கொண்டுவர முடியவில்லை. போய் வாருங்கள்.