டூகல் கேட்க மாட்டான்

"அவன் கேக்கணும், இஷ்பெல். கேட்டாத்தான் நான் எடுத்துக்க முடியும்."

"கேக்கலேன்னா?"

"கேக்கிற வரைக்கும் சக்கரம் அவன் கையிலதான்."

"தூங்கி விழுந்துட்டான்னா?"

"உலுக்கி எழுப்பி, கேக்க வச்சு, அப்புறம் வாங்கிப்போம்."

"செத்துப் போயிட்டான்னா?"

லாக்லன் சிரித்தான். வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "டூகல் செத்தாலும் கேக்க மாட்டான். முதல்ல கேக்கிறவன் பியர் வாங்கித் தரணும்னு எங்களுக்குள்ள பந்தயம்."

1944 கோடையில், பியூட் தீவின் ராத்சி படகுத்துறையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பேசிய பேச்சு இது. அவர்கள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. இஷ்பெலும் அன்று சிரித்தாள்.

பின்னால் சொல்லப்போவதும் நடந்ததுதான். நம்பாதவர்கள் பியூட் தீவுக்குப் போய், போர்ட் பானட்டைன் கடற்கரைச் சாலையில் இஷ்பெல் மக்ஃபியின் வீடு எது என்று கேட்கலாம். கணவன் இறந்தபின் தனியாக இருக்கிறாள். மாடி அறை ஒன்றை வாடகைக்கு விடுகிறாள். நண்பகல் பன்னிரண்டு அடித்ததும் அவள் வீட்டுப் பின்கதவு அகலத் திறக்கும். பனி கொட்டினாலும் திறக்கும். கால் மணி நேரம் கழித்துச் சாத்துவாள். தங்க வந்தவர்கள் குளிருகிறது என்று முணுமுணுத்தால், "கோட்டை மாட்டிக்கோங்க" என்பாள். காரணத்தை அவள் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள்.

லாக்லனும் டூகலும் போர்க்காலத்தில் வேலை பார்த்தது குட்டி நீர்மூழ்கியில். ஐம்பதடி நீளம். லண்டன் பஸ்ஸுக்கு வைக்கிற எஞ்சின். உள்ளே நாலு பேர் குனிந்தே கிடக்க வேண்டும். சமையலுக்குத் தச்சர்கள் பசை காய்ச்சும் சட்டி. அந்த வகையில் மொத்தம் இருபது சொச்சம்தான் செய்தார்கள். நார்வே வரை போய், மலை மாதிரி நின்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்கு அடியில் வெடி வைத்து வந்ததும் அந்த வகைதான். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் அது தானாகப் போகாது. பெரிய நீர்மூழ்கி ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போகும். சண்டைக்குப் போகிறவர்கள் பெரியதில் படுத்து ஓய்வெடுப்பார்கள். வழி நெடுகக் குட்டியை ஓட்ட வேறு மூன்று பேர். வழி ஆட்கள் என்று பெயர். அவர்களுக்குப் பதக்கம் அதிகம் கிடையாது, பாடு அதிகம். இரும்பு உள்பக்கமாக வியர்த்துக் கொட்டும். ஈரம் மின்கம்பியில் இறங்கினால் எல்லாம் முடிந்தது. அதனால் ஓயாமல் துடைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, மூடியைத் திறந்து, கால் மணி நேரம் காற்று வாங்கி, மறுபடி முங்க வேண்டும். பன்னிரண்டு, ஆறு. பன்னிரண்டு, ஆறு.

போய்ச் சேர்ந்ததும் ஆட்கள் மாறுவார்கள். உள்ளே இருப்பவன், "மாத்திக்கிறியா?" என்று கேட்பான். வருபவன் சக்கரத்தைப் பிடித்து, "எடுத்துக்கிட்டேன்" என்பான். அந்த இரண்டு வார்த்தையும் சொல்லாமல் கை மாறினால், அவன் பிடித்திருக்கிறான் என்று இவனும், இவன் பிடித்திருக்கிறான் என்று அவனும் விட்டுவிட, படகு மூக்குக் குத்திக் கீழே போய்விடும். டூகல் வழி ஆள். லாக்லன் சண்டைக்காரன். டூகலிடமிருந்து சக்கரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவன் லாக்லன்.

அந்த நவம்பரில் அவர்கள் படகை வடக்கே இழுத்துப் போனார்கள். இரண்டு படகுக்கும் நடுவே கயிற்றோடு ஒரு தொலைபேசிக் கம்பி. காலை ஆறு மணிக்கு லாக்லன் பேசினான்.

"என்னடா குள்ளா, இன்னும் கேக்கலையா?"

"உனக்கா பியர்? போடா நெட்டைக்கொக்கே."

கம்பி கரகரத்தது. அவ்வளவுதான். கயிறு அறுந்திருந்தது. படகும் கிடைக்கவில்லை, அதிலிருந்த மூன்று பேரும் கிடைக்கவில்லை.

அதன்பின் பதினாறு வருடம். லாக்லன் படகுப் பட்டறையில் வேலைக்குப் போனான், வந்தான். இஷ்பெலைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தான். ஆனால் படுக்கையில் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான். எழுந்து போய்ச் சமையலறை நாற்காலியில், பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். யாரோ வந்து கூப்பிடப்போவது போல, பூட்ஸை மாட்டிக்கொண்டு. இஷ்பெலுக்கு நகை நட்டு எதன் மேலும் ஆசையில்லை. ஒரே ஒரு ராத்திரி அவன் முழுதாகத் தன் பக்கத்தில் தூங்க வேண்டும். அதை அவள் கேட்டதும் இல்லை. கேட்டால் முயற்சி செய்வான், தோற்பான், தோற்றதற்கு வருந்துவான்.

1961 ஜனவரி. புது வருடத் தள்ளுபடியில் ராத்சியில் ஒரு பாத்திரத் துணி வாங்கினாள். நீலக் கட்டம் போட்டது. ஓரம் பிரிந்திருந்ததால் பச்சை நூலால் மடித்துத் தைத்தாள். நீல நூல் தீர்ந்திருந்தது.

ஒரு வாரத்தில் அது ஆரம்பித்தது.

காலையில் துணி நனைந்திருக்கும். கயிறு மாதிரி முறுக்கிப் பிழிந்து, கொக்கியில் தொங்கும். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

லாக்லன்தான் என்று நினைத்தாள். பாவம், பழைய ஞாபகம். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கதவு. கடைக்குப் போய் வந்தால் பின்கதவு திறந்திருக்கும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சாத்திக்கொள்ளும். பன்னிரண்டேகால். காற்று என்று நினைத்தாள்.

அந்த மாதம் ஊரே ஈரத்தில் ஊறியது. பக்கத்து வீட்டுச் சுவரில் பூஞ்சை. இஷ்பெல் வீட்டுக் கூரை மட்டும் காய்ந்து கிடந்தது.

மாடி அறையில் கெம்மல் என்று ஒரு பிரஷ் விற்பனைக்காரர் தங்கியிருந்தார். ஒரு நாள் காலை முட்டையை உடைத்தபடி சொன்னார்.

"மிசஸ் மக்ஃபி, உங்க வீட்டுக்காரருக்கு நல்ல பொறுப்பு. ஆனா விடியக்காலையில என் ரூம் கூரையை வந்து துடைக்கணுமா?"

"மன்னிச்சிடுங்க. நான் சொல்றேன்."

"எட்டாம எக்கி எக்கித் துடைக்கிறார். ஒரு ஸ்டூல் குடுங்க அவருக்கு."

இஷ்பெலின் கையில் தேநீர்க் கெண்டி நின்றது.

லாக்லன் ஆறடி இரண்டங்குலம். அந்த வீட்டுக் கூரையில் தலை இடிக்காமல் நடக்கவே அவனுக்குப் பல வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

அன்று மாலை அவன் வந்ததும் கேட்டுவிட்டாள்.

"லாக்லன், ராத்திரியில நீதானே துடைக்கிறே?"

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான்.

"நீ துடைக்கலையா?"

"நான் எதுக்கு துடைக்கிறேன்?"

"எனக்காகன்னு நினைச்சேன். அந்தக் கதவைத் திறக்கிறதும்... எனக்கு மூச்சு முட்டும்னு நீ செய்றேன்னு நினைச்சேன். கேட்டா சங்கடப்படுவேன்னு கேக்கல."

இருவரும் கொக்கியைப் பார்த்தார்கள்.

துணி இல்லை.

வீடு முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் செய்தி வந்தது. கிண்டயர் பக்கம் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் ஏதோ சிக்கியது. கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். குட்டி நீர்மூழ்கி. மேலே தூக்கினார்கள். அடையாளம் சொல்ல, பழைய ஆட்களில் ஒருவன் என்று லாக்லனை அழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தான். கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மூடியைத் திறந்தாங்க, இஷ்பெல். உள்ளே தண்ணி வரும்னு எல்லாரும் தள்ளி நின்னோம். ஒரு சொட்டு இல்ல. சுவரெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. நேத்துத்தான் துடைச்ச மாதிரி."

"டூகல்?"

"சக்கரத்துல. ஒரு கையை எடுக்கவே முடியல. விரல் விரலாப் பிரிச்சாங்க."

"இன்னொரு கை?"

அவன் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

நீலக் கட்டம். பச்சைத் தையல்.

இஷ்பெல் அதைத் தொடவில்லை. இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டாள். எரிய நெடுநேரம் ஆனது.

மூன்று பேரையும் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பாதிரியார் பேசினார். பைக்குழல் வாசித்தார்கள். படகை என்ன செய்தார்கள் என்று திரும்பும் வழியில் லாக்லனிடம் கேட்டாள்.

"யாருக்கு வேணும் அது? ஆழத்துல மறுபடி இறக்கிட்டாங்க."

"காலியாவா?"

"காலியாத்தான்." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னான். "யாரும் எடுத்துக்கிட்டேன்னு சொல்லல."

அன்று இரவு அவன் பூட்ஸைக் கழற்றினான். படுத்தான். தூங்கினான். காலை வரை. அந்த வாரம் முழுக்க அப்படியே. குறட்டைகூட விட்டான். இஷ்பெல் விழித்துக் கிடந்து அந்தக் குறட்டையைக் கேட்டாள். முப்பத்தெட்டு வயதில் புதுப்பெண் போல முகம் மலர்ந்திருந்தாள். கொக்கியில் புதிதாக மாட்டிய துணி நனையவில்லை. கதவு திறக்கவில்லை. கூரையில் ஈரம் கட்டியது. அதைப் பார்த்துக்கூடச் சந்தோஷப்பட்டாள்.

ஒன்பதாம் நாள் மூடுபனி இறங்கியது. வாசலுக்கு எதிரே கடல் தெரியவில்லை.

லாக்லன் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கொத்துக்கறி, மசித்த உருளைக்கிழங்கு. தட்டை வழித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றான்.

"நான் உப்பே போடல."

அவன் அவளைப் பார்த்தான்.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

பின்கதவு திறந்தது.

பனி உள்ளே வரவில்லை. வெளியேதான் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து காற்று போனது... பழைய, புழுங்கிய காற்று. டீசல் வாடை. ஈரக் கம்பளி வாடை.

ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்தது. சுவர் வியர்த்தது. மேசை வியர்த்தது.

தரைக்கு அடியில் ஒரு தட்டல். டக்... டக்... டக். இரும்பில் இரும்பு.

இஷ்பெல் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "பேசாதே லாக்லன். வாயைத் திறக்காதே."

"பயப்படாதே." அவன் குரல் அமைதியாக இருந்தது. சிரிப்புக்கூட இருந்தது. "அவன் கேக்காம நான் எடுத்துக்க முடியாது. அவன் கேக்க மாட்டான். அவனை எனக்குத் தெரியாதா?"

ஐந்து நிமிடம்.

பத்து.

அவள் பிடியை விடவில்லை. அவன் சட்டை அவள் விரலுக்குள் நனைந்துகொண்டே வந்தது.

பன்னிரண்டேகால்.

கதவு மெல்ல நகர ஆரம்பித்தது. சாத்திக்கொள்ளப் போகிறது. இஷ்பெல் மூச்சு விட்டாள்.

பாதியில்... நின்றது.

நாற்காலிக்குப் பின்னால். மிகப் பக்கத்தில். களைத்துப்போன குரல். பந்தயத்தில் தோற்றவனின் குரல்.

"முடியலடா, லாக்லன்... மாத்திக்கிறியா?"