தம்பியின் சாயக் கை

இன்று பனியன் பெட்டியைப் பிரித்ததும் வந்த அட்டை வாசனை, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த, இப்போது வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட மண்ணரை லைன் வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. தையல் மெஷின் சத்தம் ஓயாத அந்த ஒற்றை அறையில், பனியன் அட்டைகளின் பின்பக்கம் அக்கா வரைந்த படக்கதையில், தொட்டதற்கெல்லாம் சாயமேற்றும் நாயகன் தம்பி; எனக்கு எப்போதும் வில்லன் வேஷம்தான். வயிறெரிந்து, ஒருநாள் கடைசி அட்டையை நானே வரைந்து தம்பியிடம் காட்டினேன்: நாயகனின் சக்தி கெட்டு, அவன் தொட்ட அம்மா வெளுத்து மறைந்துபோகிறாள்.

சாயங்காலம் பனியன் கம்பெனியிலிருந்து வந்த அம்மா, "வா கண்ணு" என்று கை நீட்டினாள். தம்பி கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"வேண்டாம்மா, தொட்டா நீ காணாமப் போயிருவே."

அம்மா சிரித்துக்கொண்டே என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.  நான் அந்த மடியைவிட்டு இறங்கவில்லை.