தோல்விப் பலகைக்கு ஒரு திரை

அரசாங்கத்தின் முகத்திரையை ஒரே கத்தரி வெட்டில் கிழித்தெறிந்தவர் எங்கள் தெருத் தையல்காரர். சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்லிவிட்டேன். முழு அரசாங்கம் இல்லை, சாலைத் துறை மட்டும். முகத்திரை இல்லை, அறிவிப்புப் பலகையின் திரை. அதைக் கிழிக்கவும் இல்லை, தைத்துக் கொடுத்தார், கூலியும் வாங்கிக்கொண்டார். மற்றபடி இந்தக் கதையில் கலப்படம் கிடையாது. இருந்தாலும் உப்பளவுதான்.

தெருவில் அவருக்குப் பெயர் 'அரை இன்ச்'. எதைத் தைத்துக் கொடுத்தாலும், "உள்ள அரை இன்ச் விட்டிருக்கேன், சதை போட்டா பிரிச்சுக்கலாம்" என்பார். காற்றடித்தால் பறக்கிற ஒல்லிகளிடமும் இதையே சொல்வார். கடை அப்பா வைத்துவிட்டுப் போனது. பாதி அவருக்கு, பாதி மாடியில் குடியிருந்த அவருடைய அக்காவுக்கு. வேலையும் பங்குதான்: தம்பி வெட்டித் தைப்பார், அக்கா காஜா எடுத்துப் பொத்தான் வைப்பார். அக்கா எடுத்த காஜாவில் பொத்தான் நுழைவதைப் பார்த்தால், தூளியில் குழந்தையைப் போடுகிற மாதிரி இருக்கும்.

கடைக்கு நேர் எதிரே சாலைத் துறை அலுவலகம். தெருவை அடைத்துக் கட்டிய ஒரு சுவரை இடிக்கத் துறையார் ஒருநாள் புறப்பட்டார்கள். எத்தனையாவது கட்டடம் என்று தாளில் இருந்தது. தெருவின் எந்த முனையிலிருந்து எண்ணுவது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தப்பான முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, அரை இன்ச் கடையின் முன்சுவரைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மன்னிப்பை எந்தக் கோப்பில் வைப்பது என்று துறைக்குத் தெரியவில்லை; வக்கீல் வைப்பது தெரியும். அரை இன்ச் வழக்குப் போட்டார். துறை மூன்று பெரிய வக்கீல்களை இறக்கியது: ஒருவர் வாதாட, ஒருவர் தலையாட்ட, ஒருவர் வாய்தா கேட்க. வருஷக்கணக்கில் இழுத்துத் துறை தோற்றது. சுவரைக் கட்டிக் கொடுத்து, தையல்காரரின் செலவையும் கொடு என்றது கோர்ட்டு.

அதன்பிறகுதான் சனி பிடித்தது. காலையில் பால்காரர் ஒரு மூட்டைப் பணம் வந்ததாகச் சொன்னார். சாயங்காலம் அது இரண்டு மூட்டையாகிவிட்டது. ராத்திரியெல்லாம் கடையில் பணம் எண்ணும் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். அது தையல் மெஷின் ஓடிய சத்தம்.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எவ்வளவுடா வந்துச்சு?"

"வக்கீலுக்குக் குடுத்தது போக, மெஷினுக்கு ஒரு பெல்ட் மாத்தினேன்க்கா. அவ்வளவுதான்."

"கவர்மென்ட்டு தோத்துட்டு பெல்ட்டு காசா குடுக்கும்? நான் பங்கு கேட்டுடுவேன்னுதானே மறைக்கிற? சின்ன வயசுல முறுக்கை ஒளிச்சு வச்ச அதே புத்தி!"

மறுநாளிலிருந்து அக்கா காஜா எடுக்கவில்லை. பொத்தானில்லாத சட்டைகள் கம்பியில் தொங்கின. அவசரக்காரர்கள் ஊக்குக் குத்திக்கொண்டு போனார்கள். அரை இன்ச்சுக்குச் சட்டைகூடப் பெரிதில்லை. தலைக்கு மேலே அக்கா நடக்கிற சத்தம் கேட்கும், படிவரைக்கும் வரும், அங்கேயே திரும்பிவிடும். அதுதான் அவரை அரித்தது.

தான் சொன்னால் அக்கா நம்பப்போவதில்லை, துறையே சொல்லட்டும் என்று எதிர்ச் சாரிக்குப் போனார்.

"தோத்த வழக்குக்கு எவ்வளவு செலவாச்சு, யார் யாருக்குப் போச்சுன்னு வெளிய எழுதிப் போடுங்க சார். சட்டமே இருக்காமே."

"அது துறை ரகசியம்ப்பா," என்றார் அதிகாரி.

"தோத்தது ஊருக்கே தெரியும் சார். எவ்வளவுக்குத் தோத்தீங்கன்னுதான் கேக்கறேன்."

"சொன்னா ஜனங்க மனசு கஷ்டப்படும்."

ஜனங்களின் மனசைக் காப்பாற்றத் துறை மறுபடி கோர்ட்டுக்குப் போனது. அதே மூன்று வக்கீல்கள்; ரகசியத்துக்கென்று தனியாக நாலாவதாக ஒருவர். அதிலும் தோற்றது. இரண்டு வழக்கின் செலவையும் இனம்வாரியாக வாசலில் பலகையில் போடு, ஒரு மாதம் இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. தெருவில் மூட்டை நாலாகிவிட்டது. அக்கா மாடி ஜன்னலையும் சாத்திக்கொண்டார்.

அதிகாரி உத்தரவை மீறுகிற ஆள் இல்லை. வெளிச்சுவரில் பலகை ஏறியது. பிறகுதான் அவருக்கு ஒன்று பளிச்சிட்டது. பலகை வைக்கச் சொன்ன உத்தரவில், அதில் தூசி படியலாம் என்று எங்கேயும் சொல்லவில்லையே! உடனே 'தூசிப் பாதுகாப்புத் திரை' ஒன்றுக்கு அனுமதி எழுதினார். பக்கத்துக் கடை, குறைந்த கூலி என்பது விதி. விதிப்படி கிளார்க் தெருவைத் தாண்டி வந்து நின்றது அரை இன்ச் கடையில்.

"ஒரு பலகைக்குத் திரை வேணும். மேலருந்து கீழ வரைக்கும் மூடணும்."

"எந்தப் பலகைக்கு சார்?"

"உங்க பலகைக்குத்தான்." கிளார்க் சிரிக்கவில்லை. அலுவலக நேரம்.

பலகைப் பக்கம் யார் நின்றாலும் "கூட்டம் போடாதீங்க" என்று விரட்டுகிற காவலாளி, கையில் டேப் இருந்ததால் இவரை விட்டுவிட்டார். அளவெடுக்கிற சாக்கில் அரை இன்ச் முழுக்கப் படித்தார். வாதாடினதற்கு, தலையாட்டினதற்கு, வாய்தா கேட்டதற்கு, வக்கீலை அழைத்து வந்த காருக்கு, கார் காத்திருந்ததற்கு. கடைசியில் இரண்டு இனம். 'மொத்தம்' என்பதற்கு நேரே தொகையை எழுத்தால் எழுதி, இடம் போதாமல் மடக்கி எழுதியிருந்தது. அதன் கீழே 'இதில் வென்றவருக்குச் சென்றது'. அந்தத் தொகை ஒரே வார்த்தையில் முடிந்து, 'மட்டும்' என்று மூச்சை விட்டிருந்தது.

மாடிக்கு ஓடினார். கதவு திறக்கவில்லை.

"அக்கா, எல்லாத்தையும் பலகையில போட்டுட்டான். வந்து பாரேன்!"

"அதுக்குத் திரை தைக்கிறது யாரு? மறைக்கக் கூலியும் வாங்கிக்கிட்டு, வந்து பாருங்கறியா?"

அரை இன்ச் படியிறங்கி வந்தார். அந்தக் கலக்கத்திலேயே துணியை வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். திரை கடைசி எழுத்து வரைக்கும் மூடி, அரை இன்ச் மிச்சமாகவும் தொங்கியது. அதிகாரிக்குப் பரம திருப்தி.

பிறகு மழை பிடித்தது. சாரல் வெளிச்சுவரை விடாமல் அடித்தது. வெயில் வந்தபின் மருந்து வாங்கக் கிளம்பிய அக்கா, துறை வாசலில் காவலாளி உட்பட ஒரு கூட்டம் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்பதைப் பார்த்தார். இவ்வளவு மரியாதை அந்தக் கட்டடத்துக்கு அதுவரை கிடைத்ததில்லை. அக்காவும் குனிந்தார். திரை ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. அதன் கீழே கடைசி இரண்டு இனமும் தெரிந்தன. படித்தார். மறுபடி படித்தார். பணம் எண்ணும் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில்தான் குனிந்திருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பாவம், அவர் நிமிரவே இல்லை.

மருந்தை மறந்துவிட்டு அக்கா நேரே கடைக்கு வந்தார். கம்பியிலிருந்து ஒரு சட்டையை இழுத்து மடியில் போட்டு, காஜா எடுக்க ஆரம்பித்தார். கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோதுதான் வாய் திறந்தது.

"வாங்கினதுதான் வாங்கின, நல்ல பெல்ட்டா வாங்கியிருக்கக் கூடாதா?"

அரை இன்ச் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். வெகுநேரம் கோத்தார்.

எதிர்ச் சாரியில் அதிகாரி குதித்தார். "திரையைக் குறைச்சுத் தச்சவன் மேல கேஸ் போடுங்கய்யா!"

சட்டப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். "போடலாம் சார். தோத்தா அதையும் பலகையில போடணும்."

"ஜெயிச்சா?"

"நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே சார்."

திரையைக் கழற்றி அதிகாரியின் மேசைக்கு விரித்தார்கள். அதற்கும் ஒரு சாண் குறைந்தது.

இப்போது அளவு கொடுக்க யார் வந்தாலும் அரை இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "வேணும்னேதான் சார் ஒரு சாண் குறைச்சு வெட்டினேன். நாலு வக்கீல் சேந்து மூடினதை ஒரு கத்தரி திறந்துடுச்சு, பாத்தீங்களா?"

வந்தவர் வாயைப் பிளப்பார். பின்னாலிருந்து அக்கா நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொல்வார்:

"அளவெல்லாம் சரியாத்தான் வெட்டினான். வெட்டறதுக்கு முன்னாடி துணிய நனைச்சுக் காயப்போட மறந்துட்டான், மழையில சுருங்கிடுச்சு. உங்க சட்டைத் துணிய நனைச்சானான்னு முதல்ல கேட்டுக்குங்க."